மழைப் பழம்

சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால், டீச்சர். அதற்கு முன்னால் சீனியைப் போடாதீர்கள். எத்தனை அவசரமாக இருந்தாலும், யார் கூப்பிட்டாலும் போடாதீர்கள்.

முதலில் ஸ்ட்ராபெரியைக் காம்போடு கழுவ வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். கழுவித் துணியில் பரப்பி, ஈரம் போன பிறகு காம்பை எடுங்கள். பெரிய பழம் என்றால் நாலாக நறுக்குங்கள், சின்னது என்றால் இரண்டாக. ஒரு கிலோவுக்கு அரை டம்ளர் சீனி. எலுமிச்சம்பழம் பாதி பிழிந்தால் போதும். கரண்டி போட்டுக் கிண்டக் கூடாது. சட்டியை இரண்டு குலுக்குக் குலுக்கி மூடி வைத்துவிட வேண்டும். அடுப்பில் ஏற்றவே கூடாது. ஏற்றினால் ஜாம். இது ஜாம் இல்லை. பழம் தானாகவே சாறு விடும், அந்தச் சாற்றில் சீனி கரைந்து பாகு மாதிரி வரும். ஆனால் பழம் மட்டும் பச்சையாகவே, பல்லில் பட்டால் தெரிகிற மாதிரி இருக்கும். அப்படியே எடுத்து உங்கள் பாப்பாவின் ஐஸ்கிரீம் மேல் ஊற்றிக் கொடுங்கள். பிறந்த நாள் கேக்கைத் தொடவே மாட்டாள், பாருங்கள்.

நான் கடிகாரம் பார்ப்பதில்லை. ஜெபமாலைதான் எனக்குக் கடிகாரம். சீனி போட்டதும் ஆரம்பிப்பேன். ஐம்பத்து மூன்று மணி, பிறகு மாதா பிரார்த்தனை. அவசரப்படாமல் சொன்னால் சரியாக அரை மணி ஆகும். ஆமென் சொல்லி மூடியைத் திறந்தால் பழம் பளபளவென்று இருக்கும். பன்னிரண்டு வருஷமாகச் சாமியார் பங்களாவில் சமைக்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஒரு தடவை தப்பியது.

ஒரே தடவைதான். அதற்காகத்தான் இன்றைக்கு முதல் பஸ்ஸைப் பிடித்துப் பூம்பாறைக்குப் போய்விட்டு, இதோ உங்களோடு திரும்பி வருகிறேன். நீங்கள் சும்மா சீனியைப் பற்றிக் கேட்டீர்கள், நான் என்னென்னவோ சொல்கிறேன். பஸ் ஆட்டத்தில் உங்களுக்குத் தலைவலி என்றால் சொல்லிவிடுங்கள், நிறுத்திக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், டீச்சரிடம் பேசினால் எங்கே தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயம் வேறு. ஆனால் உள்ளூரில் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. நீங்கள் இந்தப் பக்கம் இன்னும் ஒரு வருஷம்தான் இருப்பீர்கள், பிறகு மாற்றல் வந்துவிடும். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

பிப்ரவரியில் எங்கள் ஃபாதருக்குக் குருப்பட்ட வெள்ளிவிழா. ஆயர் வந்து பூசை வைப்பதாக ஏற்பாடு. நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு. பிரியாணிக்கு மலைக்குக் கீழேயிருந்து ஆள் வந்தார்கள். ஆனால் ஆயர் மேசைக்கு மட்டும், இருபது பேருக்கு, நான்தான் சமைக்க வேண்டும் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். கடைசியில் கஸ்டர்ட், அதன் மேல் சீனி போட்ட ஸ்ட்ராபெரி. "லூர்து, அதுதான் உன் கையெழுத்து" என்றார். எனக்குக் கையெழுத்துப் போடவே கை நடுங்கும், அவர் இப்படிச் சொன்னதும் எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

பழம் தங்கப்பொண்ணுவிடம் வாங்கியது. உங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கீழே, ஓடையை ஒட்டி இருபது சென்டில் ஸ்ட்ராபெரி போட்டிருக்கிறாளே, அவள்தான். அங்கே எல்லோரும் பூண்டு போடுகிறார்கள், அவள் மட்டும் நான் சொன்னதைக் கேட்டு இதைப் போட்டாள். ஆமாம், நான்தான் சொன்னேன். "பங்களாவுக்கு வேணும், தியான இல்லத்துக்கு வேணும், ஹாஸ்டலுக்கு வேணும். நீ போடு தங்கம், எடுக்கிறதுக்கு நானாச்சு" என்று வாக்குக் கொடுத்தேன். நாலு வருஷமாக எடுக்கவும் செய்தேன். வாரம் பன்னிரண்டு கிலோ. வெள்ளிவிழாவுக்கு முதல் நாள் நாலு கிலோ கொடுத்துவிட்டிருந்தாள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். அடியில் ஒரு பழம்கூட நசுங்கியிருக்கவில்லை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன், அதனால்தான் இப்படி அடித்துச் சொல்கிறேன்.

பூசை ஒன்பதரைக்கு. காணிக்கைப் பவனியில் பழத்தட்டு ஏந்தி வர என் பேரைப் போட்டிருந்தார்கள். அந்தப் பவனியில் எப்போதும் டாக்டர் வீட்டு அம்மா, எஸ்டேட் வீட்டு அம்மா இப்படித்தான் வருவார்கள். அன்றைக்கு என் பேர். என் மகன் திருப்பூரிலிருந்து வாடாமல்லிக் கலரில் ஒரு சேலை அனுப்பியிருந்தான். நான் என்ன நினைத்தேன் என்றால், தட்டைக் கொடுத்துவிட்டு நைசாகப் பின்வாசல் வழியாக வந்து பழத்தை நறுக்கிச் சீனி போடலாம் என்றுதான். சத்தியமாக முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அந்தச் சேலையில் ஸ்ட்ராபெரிச் சாறு பட்டால் போகாது, டீச்சர். அதுவும் பூசைக்குப் பிறகு மேடையில் வேலைக்காரர்களுக்கெல்லாம் சால்வை போடப் போகிறார்கள் என்று கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை வேறு சொல்லிவிட்டார். கறையோடு எப்படிப் போய் நிற்பது? அதனால் காலையில் ஆறரைக்கே, பழைய சேலையிலேயே, எல்லாவற்றையும் நறுக்கிச் சீனி போட்டு மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். கழுவியதிலும் அவசரம்தான். காம்பைக் கிள்ளிவிட்டுத்தான் கழுவினேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

நான் யாரையும் குற்றம் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் ஆயர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். பிரசங்கம் முக்கால் மணி நேரம். பிறகு வாழ்த்துரை. ஒலிபெருக்கிக்காரரிலிருந்து பந்தல் போட்டவர் வரைக்கும் சால்வை போட்டார்கள், என் பேர் கடைசியில்தான் வந்தது. ஆயரே போட்டார். "நல்ல சாப்பாட்டுக்குக் காத்திருக்கோம்மா" என்று சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் சமையலறைக்கு வந்தபோது ஒன்றேகால்.

சட்டியை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். பக்கத்தில் வெந்நீர் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். பழம் எல்லாம் சுருங்கி, வெளுத்து, வேகவைத்த தக்காளித் தோல் மாதிரி மிதக்கிறது. கீழே ஒரு சட்டித் தண்ணீர். பாகு இல்லை, தண்ணீர். வடிகட்டிப் பார்த்தேன். மேலே இன்னும் சீனி போட்டுப் பார்த்தேன், பிழைக்கும் பழத்துக்கல்லவா சீனி. வேறு பழம் இல்லை. அதற்குள் உள்ளே தட்டு கேட்டுவிட்டார்கள். ஊற்றி அனுப்பிவிட்டேன்.

ஆயர் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன ஃபாதர், பீட்ரூட்டா?" என்று கேட்டாராம். மேசையில் எல்லோரும் சிரித்தார்களாம். நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் எங்கள் ஃபாதருக்கு முகம் செத்துவிட்டது. எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டார்.

"என்ன லூர்து இது?"

நான் நிற்கிறேன். தோளில் அந்தச் சால்வை. இன்னும் எடுக்கவில்லை. ஜரிகை கழுத்தில் குத்துகிறது. அதைப் போட்டுக்கொண்டு எப்படி டீச்சர் சொல்வேன், தப்பு என்னுடையது என்று? எடுத்துக் கீழே வைத்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

"மழைப் பழம் சாமி" என்றேன்.

இரண்டு நாளைக்கு முன்னால் ஒரு தூறல் விழுந்திருந்தது. அது பொய் இல்லை. மழைத் தண்ணீர் குடித்த பழம் ஊறிப்போகும், அதுவும் பொய் இல்லை. நான் தங்கப்பொண்ணு பேரை எடுக்கவே இல்லை.

"அந்தப் பொம்பளை நம்மள ஏமாத்திட்டாளா?" என்று ஃபாதர் கேட்டார்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரமே ஃபாதர் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தியான இல்லத்துச் சிஸ்டர்களிடமும் ஹாஸ்டலிலும் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, ஒன்று மனதில் பட்டால் எல்லோரிடமும் சொல்லிவிடுகிற குணம். இப்போது எங்களுக்கு ஒரு கம்பெனிப் பண்ணையிலிருந்து டப்பாவில் வருகிறது. மேலே சிவப்பு, கடித்தால் உள்ளே வெள்ளைக்காரி மாதிரி.

தங்கப்பொண்ணு மார்ச் மாதம் ஒரு நாள் பின்வாசலில் வந்து நின்றாள். தவக்காலம். கேட்கத்தான் வந்திருக்கிறாள், கத்தப் போகிறாள், ஃபாதர் வேறு உள்ளே படித்துக்கொண்டிருக்கிறார், அவர் காதில் விழப் போகிறது என்று நினைத்து அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என்னால உங்களுக்குத் தலகுனிவு ஆயிருச்சுக்கா. ஆயர் முன்னால உங்க பேரக் கெடுத்துட்டேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னாள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், பழம் பறித்தது அவள் வீட்டுக்காரர் குழந்தைவேலு. அவருடைய அக்கா மகளுக்குக் காதுகுத்து, அதற்குப் போகிற அவசரத்தில் விடியும் முன்னாலேயே பனியோடு பறித்துவிட்டாராம். "பனி காயட்டும், காயட்டும்னு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லுவேங்கா. அந்த மனுசன் கேட்டாத்தான. பத்து நாளா அவருகிட்ட நான் பேசல. சோத்தப் போட்டு வச்சிருவேன், அவராத் தின்னுட்டுப் போவாரு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா, டீச்சர்?

"விடு தங்கம். மனுசங்கன்னா தப்பு வரத்தான் செய்யும். நான் மனசுல வச்சுக்கல" என்றேன்.

நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான். உள்ளே போய் அவளுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தேன். சீனி கூடப் போட்டேன். அவள் குடித்துவிட்டு, மனப்பாரம் இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்று சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கே நான் அவளை மன்னித்துவிட்ட மாதிரி இருந்தது. அப்படி ஒரு நல்ல எண்ணம் வந்தது மனதில். எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாமே என்று நினைப்பீர்கள். செய்தேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் செய்தேன். ஆனால் எங்கள் பங்கில் ஒரே ஃபாதர். அந்தக் கஸ்டர்டைத் தின்றவரே வலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். "எத்தனை தடவ?" "ஒரு தடவ சாமி." "மூணு அருள் நிறைந்த மரியே சொல்லும்மா" என்றார். மூன்றுக்குப் பதிலாக முப்பது சொன்னேன். பாவம் போயிருக்க வேண்டுமா இல்லையா? சட்டப்படி போயிருக்க வேண்டும். ஆனால் கம்பெனி டப்பாவை உடைக்கும்போதெல்லாம் குழந்தைவேலு தனியாக உட்கார்ந்து சோறு தின்பதுதான் கண்ணில் தெரிகிறது. நான் அவர் சாப்பிட்டுப் பார்த்ததுகூட இல்லை.

நேற்று தங்கப்பொண்ணு போன் செய்தாள். "அக்கா, செடியெல்லாம் பிடுங்கப் போறோம். பூண்டு போடப் போறாரு. நாளைக்கழிச்சு ஆள் வருது. கடைசிப் பழம் கொஞ்சம் கெடக்கு, நீங்க வந்து எடுத்துட்டுப் போங்க. வேற யாருக்கும் குடுக்க மனசு வரல." வேறு யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லையாம். இரவெல்லாம் புரண்டேன். காலையில் எழுந்து ஃபாதருக்கு இட்லியை ஊற்றி மூடி வைத்துவிட்டு, சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன்.

சொன்னேன், டீச்சர். நம்புங்கள். இரண்டு பேரும் வரப்பில் நின்றோம். "தங்கம், தப்பு உன் பழத்துமேல இல்ல. நான்தான் ஏழு மணி நேரம் முன்னாடியே சீனியப் போட்டு நாறடிச்சிட்டேன்" என்று சொன்னேன். இப்படியே, இதே வார்த்தையில் சொன்னேன்.

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். "நீங்க என்னத் தேத்தணும்னு இப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா. உங்க கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா? நீங்களாவது, சீனியத் தப்பாப் போடுறதாவது" என்றாள். நான் மறுபடியும் சொன்னேன். அவள் என் வாயைக் கையால் மூடினாள். "போதும்க்கா. உங்க மனசு யாருக்கு வரும்?" என்றாள்.

மூன்றாவது தடவை நான் சொல்லவில்லை. சொல்லியாயிற்று, நம்பாதது அவள் பாடு என்று தோன்றியது. ஒரு நிமிஷம் உடம்பே லேசாகிவிட்டது. குனிந்து பழம் பறிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவள் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி மண்வெட்டிக்குக் காம்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் பனியில பறிச்சதனால இல்லயா, லூர்தம்மா?" என்று கேட்டார்.

"இல்லங்க" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப இவகிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? இவ என்னத்த நம்புனா, என்னத்த விட்டா. சாமியார்கிட்ட சொல்லுங்க. நாளக்கிக் காலையில ஆள் வருது. இன்னைக்குள்ள அவரு ஒரு வார்த்த சொல்லி அனுப்புனாருன்னா செடிய விட்டுருறேன். இல்லாட்டி பூண்டு." கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்கிற மாதிரி சொன்னார். அவள் அவரை அதட்டினாள், "பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவாக?" என்று. அவர் போய் மறுபடியும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

நீங்களே சொல்லுங்கள். ஃபாதருக்குச் சர்க்கரை வியாதி, பிரஷர். இரண்டு மாதம் கழித்துப் போய் இதைச் சொன்னால், தான் ஒரு ஏழைப் பொம்பளை வயிற்றில் அடித்துவிட்டோமே என்று அவர் மனசு என்ன பாடுபடும்? அவரை நினைத்துத்தான் யோசிக்கிறேன். என்னை வேலையைவிட்டுப் போகச் சொல்வார் என்பதற்காக இல்லை. சொல்ல மாட்டார். சொன்னாலும் சொல்வார். என் வீட்டுக்காரர் செத்த வருஷம் பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள், அதுதான் எனக்கு வீடு. மகன் இருப்பது பத்துக்குப் பத்து அறை, அதில் நாலு பேர். நான் எங்கே போவேன்? ஆனால் அதற்காக இல்லை.

ஈஸ்டர் முடிந்துவிட்டது, ஆனி மாதம் மாதா கொடியேற்றம் வருகிறது. அப்போது நல்ல மனநிலையில் இருப்பார், மெதுவாகச் சொல்லலாம் என்றும் ஒரு யோசனை. ஆனால் அதற்குள் பூண்டு முளைத்துவிடும்.

இருங்கள், போன் அடிக்கிறது. சிக்னல் வந்துவிட்டது போல. ஃபாதர்தான்.

"சொல்லுங்க சாமி... வந்துட்டேன் சாமி, ஏரி தெரியுது, இன்னும் அஞ்சு நிமிசம்... நாலு பேரா? திண்டுக்கல்லேர்ந்தா? வரட்டும் சாமி, கோழி இருக்கு, ரசம் வச்சிரலாம்... இனிப்புக்கா. கஸ்டர்ட் காய்ச்சிருவேன். பழம் வச்சிருக்கேன்... இல்ல சாமி, கம்பெனிப் பழம் இல்ல. பூம்பாறை... ஆமா சாமி. அவ தோட்டத்துப் பழந்தான்."

டீச்சர், இந்தப் பழப்பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இல்ல சாமி, நல்ல பழம். நானே பறிச்சேன்... அன்னைக்கா? அன்னைக்கும் நல்ல பழந்தான் சாமி... கேக்குதா சாமி? அன்னைக்கும் நல்ல பழந்தான். நான்தான் பழைய சேலையோட இருக்கும்போதே வேலைய முடிச்சிரலாம்னு ஆறரைக்கே சீனியப் போட்டுட்டேன். மழைன்னு சொன்னது நான். அவ ஏமாத்தல சாமி."

ஒன்றும் பேசவில்லை, டீச்சர். லைன் கட்டாகவில்லை, மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது, எல்லோரும் இறங்குகிறார்கள். நீங்களும் இறங்குங்கள், உங்களுக்கு மீட்டிங்குக்கு நேரமாகும். இல்லை, கொஞ்சம் இருங்கள். அவர் ஏதாவது சொல்கிற வரைக்கும் இருங்கள்.